படத்தில் விழாத விளக்கு

சென்னை ரிச்சி தெருவில், செல்போன் உதிரிபாகக் கடைகளுக்கு மேலே, ஒருவர் இறங்கினால்தான் இன்னொருவர் ஏற முடிகிற படிக்கட்டின் முடிவில் இருக்கிறது அந்த அறை. கல்யாண போட்டோகிராபர்களின் ஸ்டுடியோ லைட்டுகள் பழுதுக்கு வந்து சுவரோரம் கிடந்தன. மெக்கானிக் ஒன்றைத் திறந்தார். திறந்ததும் எதையும் தொடவில்லை. ஹோல்டரில் மாட்டிய 100 வாட் குண்டு பல்பின் இரண்டு வயர்களை கெப்பாசிட்டரின் கால்களில் வைத்தார். பல்பு பளிச்சென்று எரிந்து, மங்கி, அணைந்தது. மீட்டரில் பூஜ்யம் வந்த பிறகுதான் உள்ளே விரல் போனது.

“சுவிட்சை ஆஃப் பண்ணாலும் முந்நூறு வோல்ட்டுக்கு மேல உள்ள நிக்கும் சார். புதுசா வர்ற பையனுக்கு முதல்ல இதைத்தான் சொல்லித் தருவேன். மத்ததெல்லாம் அப்புறம்.”

நான் போனது அந்த கெப்பாசிட்டருக்காக அல்ல, ஃபிளாஷ் டியூபின் நடுவில் இருக்கும் சிறு விளக்குக்காக. மாடலிங் லேம்ப் என்பார்கள். ஃபிளாஷ் கண்மூடித் திறப்பதற்குள் வந்து போய்விடுவது. அதைப் பார்த்து நிழலைச் சரிசெய்ய யாராலும் முடியாது. ஆகவே அதே இடத்திலிருந்து விடாமல் எரியும் ஒரு விளக்கு வேண்டும். நெற்றிச்சுட்டியின் நிழல் கண்ணில் விழுகிறதா, மூக்கின் நிழல் உதட்டைத் தொடுகிறதா, மாப்பிள்ளையின் மூக்குக்கண்ணாடியில் லைட்டின் குடை தெரிகிறதா என்றெல்லாம் பார்த்துக்கொள்ளத்தான் அது. படம் எடுக்கும் நொடியில் ஃபிளாஷின் வேகத்துக்கு முன்னால் அதன் வெளிச்சம் ஒன்றுமே இல்லை. போட்டோகிராபரின் கண்ணுக்காக மட்டும் எரிகிற விளக்கு.

ஸ்டுடியோவுக்குள் இருந்தவரை இதில் சிக்கல் இல்லை. 150 வாட், 250 வாட் ஹாலோஜன் போட்டாலும் சுவரிலிருந்து கரண்ட் வந்துகொண்டிருக்கும். சிக்கல் லைட்டை வெளியே தூக்கிப்போன பிறகுதான். பிளக் பாயின்ட் கிடைக்காத கோயில் பிராகாரம், தோப்பு, ஆற்றங்கரை. போதாக்குறைக்கு 2012 வாக்கில் சென்னைக்கு வெளியே நாளில் பாதி நேரம் மின்வெட்டு. யூ.பி.எஸ். பேட்டரியும் இன்வெர்ட்டருமாகத் தூக்கித் திரிந்தவர்கள் பலர். அப்போதுதான் இந்தச் சின்ன விளக்கின் பசி தெரிந்தது என்கிறார் மெக்கானிக்.

அவர் போட்ட கணக்கு எளிது. 300 ஜூல் லைட் ஒன்றின் முழு ஃபிளாஷ் என்பது 100 வாட் பல்பு மூன்றே விநாடி எரிகிற சக்தி. கொஞ்சம் முன்னால் குண்டு பல்பில் எரிந்து அணைந்ததே, அவ்வளவுதான் சரக்கு. 150 வாட் மாடலிங் லேம்ப் அதை இரண்டு விநாடியில் குடித்துவிடுகிறது. பெண்ணுக்குப் புடவை மடிப்பைச் சரிசெய்து நிற்கவைக்கப் பத்து நிமிடம் ஆனால், ஒரு படமும் எடுக்காமலே 300 ஃபிளாஷ் போயிற்று. 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரியில் கணக்குப்படி அந்த விளக்கு அரை மணிக்குக் கொஞ்சம் கூடுதலாக எரிய வேண்டும். நடைமுறையில் அதுவும் வராது. பெரிய சுமையை இழுத்தால் லெட் ஆசிட் பேட்டரி சீக்கிரமே படுத்துவிடும். அதன் இடத்தில் 10 வாட் எல்.இ.டி. இருந்தால் அதே பத்து நிமிடத்துக்கு இருபது ஃபிளாஷ்தான் நஷ்டம்.

பல்பை மாற்றினால் போதாதா என்று கேட்டேன். சிரித்தார். வீட்டு எல்.இ.டி. பல்பை அந்த ஹோல்டரில் திருகலாம். ஆனால் லைட்டுக்குள் இருக்கும் டிம்மர் ஹாலோஜனுக்காகச் செய்தது, எல்.இ.டி. அதில் மினுக்கும். பல்பின் உடல் பருமனாக இருந்தால் டியூபின் வளையத்துக்குள் நுழையாது. நுழைந்தாலும் முன்னால் துருத்திக்கொண்டு நின்றால், காட்டுகிற நிழல் ஒன்று, படத்தில் விழுகிற நிழல் வேறு. அப்படிப்பட்ட விளக்கு இருப்பதைவிட இல்லாமல் இருப்பதே மேல்.

அவர் செய்வது வேறு வேலை. ஹோல்டரையே கழற்றிவிடுகிறார். பழைய கம்ப்யூட்டர் பிராசஸர்மேல் இருந்த அலுமினிய ஹீட்சிங்கை அறுத்து, பேஸ்ட் தடவி, 10 வாட் எல்.இ.டி. சில்லை அதன்மேல் இறுக்குகிறார். இன்வெர்ட்டர் வழியாகப் போனால் அதற்கும் கொஞ்சம் வீணாகும் என்பதால், பேட்டரியிலிருந்து நேராக ஒரு தனி வயர், நடுவில் சின்ன டிரைவர் போர்டு. இன்னொரு தொல்லையும் உண்டு: ஃபிளாஷ் டியூப் சுற்றிலும் வெளிச்சம் வீசும், எல்.இ.டி. முன்பக்கம் மட்டும்தான் வீசும். வெளிச்சத்தைப் பரப்பும் சாஃப்ட்பாக்ஸ் போட்டால் நடுவில் மட்டும் பளீரென்று தெரியும். அதற்காக மேலே பால் கண்ணாடி மூடி. பிளாஸ்டிக் மூடி டியூபின் சூட்டில் பழுப்பேறிவிடுமாம். இதற்கெல்லாம் எங்கும் வரைபடம் கிடையாது. கேட்கும் கூலியைச் சொன்னால் வாடிக்கையாளர் பாதிக்குப் பேரம் பேசுகிறார். அதே ஆள் கேமரா கடையில் வாய் திறப்பதில்லை.

கம்பெனிகளும் இதே வழிக்கு வந்துவிட்டன. கோடாக்ஸின் பேட்டரி லைட்டான ஏ.டி.600-இல் 10 வாட் எல்.இ.டி.தான். பின்னால் வந்த ஏ.டி.600 ப்ரோவில் 38 வாட். அதன் பேட்டரியில் சுமார் 75 வாட்-மணி. விளக்கை மட்டும் முழு வெளிச்சத்தில் விட்டுவைத்தாலே இரண்டு மணி நேரத்துக்குள் காலி. “முப்பத்தெட்டு எதுக்கு? ரூம் இருட்டா இருந்தா பத்தே தாராளம்” என்பது மெக்கானிக்கின் கட்சி. நானும் அந்தக் கட்சிதான்.

ஆனால் ரூம் எங்கே இருட்டாக இருக்கிறது? லைட்டை எடுத்துப்போக வந்திருந்த இளைஞர் கல்யாணங்களில் குடை பிடிக்கும் லைட்மேன். மேடையில் அலங்கார விளக்கு ஒரு பக்கம், வீடியோக்காரர் லைட் இன்னொரு பக்கம். “நம்ம விளக்கு எரியுதான்னு கை வச்சுத்தான்ணா பாக்கணும்” என்றார். மேடை விளக்கை அணைக்கச் சொன்னால் பெண் வீட்டுப் பெரியவர் யாராவது, நல்ல நேரத்தில் விளக்கை அணைப்பதா என்று சண்டைக்கு வருவாராம். வேறு வழியில்லாமல் உத்தேசமாக அடித்துவிட்டு, கேமரா திரையில் பார்த்து மறுபடி அடிக்கிறார்கள். பேட்டரியும் போகிறது, பெண்ணும் மாப்பிள்ளையும் நின்று களைக்கிறார்கள்.

முகூர்த்த நேரத்தில் யாரும் விளக்கை அணைக்கச் சொல்லப்போவதில்லை. அது முடிந்து தம்பதியைத் தனியே நிற்கவைத்துப் படம் எடுக்கும்போது, மேடை விளக்கை இரண்டு நிமிடம் அணைக்கச் சொல்லி லைட்மேன் கேட்டால், தயவுசெய்து அணைத்துக் கொடுங்கள்.