‘நான் ரோபோ இல்லை’ன்னு எப்படிச் சொல்றது?

ஆடி அமாவாசை சமயத்தில் ராமேஸ்வரத்தில் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. அக்னி தீர்த்தத்துக்கு நடந்தே போய்விடும் தூரத்தில் இருக்கிறது 12 அறைகள் கொண்ட அந்தச் சின்ன லாட்ஜ். அப்பா கல்லாவில், அக்கா கணக்கில், தம்பி கம்ப்யூட்டரில். லாட்ஜுக்கு வெப்சைட் போட்டுக் கொடுத்தது தம்பிதான்.

ஒரே மாதத்தில் புக்கிங் படிவத்தில் குப்பை குவிந்தது. சூதாட்ட லிங்க், புரியாத எழுத்தில் விளம்பரம், ஊர் பேர் தெரியாதவர்கள் பெயரில் அறைகள். எல்லாம் ‘பாட்’ எனப்படும் தானியங்கி நிரல்களின் வேலை. தம்பி உடனே கேப்ட்சா பூட்டைப் போட்டார். குப்பை குறைந்தது.

பிறகு பரமக்குடியிலிருந்து ஒரு போன். பேசியவர் பார்வையில்லாத ஓய்வுபெற்ற ஆசிரியர். திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் செயலியின் துணையோடு பெயர், தேதி எல்லாம் நிரப்பிவிட்டார்.

“கடைசியில, சிக்னல் விளக்கு இருக்கிற படத்தைத் தொடுன்னு சொல்லுது தம்பி. நான் எதைத் தொட? மூணு நாளா முட்டிப் பார்க்கிறேன். அம்மாவுக்குத் தர்ப்பணம் கொடுக்கணும்.”

“முதல்லயே போன் பண்ணியிருக்கலாமே ஐயா?”

“எல்லாத்துக்கும் யாரையாச்சும் கேட்டுக்கிட்டே இருக்க முடியுமாய்யா? இதையாச்சும் நானே பண்ணலாம்னு பார்த்தேன்.”

கடைசி அறை முந்தின இரவே போயிருந்தது. மண்டபத்தில் ஓர் இடம் பிடித்துக் கொடுத்தார் அக்கா. அமாவாசைக் கூட்டத்தில் பாம்பன் பாலம் தாண்டி வந்து போகும் அலைச்சல் அவருக்கு மிச்சம்.

பார்வை இருப்பவர்களுக்கே அந்தப் படங்கள் பாடாய்ப் படுத்தும். அமெரிக்கத் தெருவோரத் தீயணைப்புக் குழாயைக் காட்டிக் ‘கண்டுபிடி’ என்றால், தீவில் வளர்ந்த பாட்டி என்ன செய்வார்?

‘கேப்ட்சா’ என்ற பெயர் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வைத்தது. மனிதரால் முடியும், இயந்திரத்தால் முடியாது என்பதுதான் அதன் அடிப்படை. அந்த அடிப்படையே ஆட்டம் கண்டுவிட்டது. நெளிந்த எழுத்துப் புதிர்களில் மிகக் கடினமானவற்றைக்கூட இயந்திரம் 99.8 சதவிகிதம் சரியாகப் படித்துவிடுகிறது என்று 2014-லேயே கூகுள் சொல்லிவிட்டது. திருடன் உள்ளே போக, வீட்டுக்காரர் வாசலில் நிற்கிற கதை!

நம் நாட்டில் இது நீதிமன்றம் வரை போன விஷயம். வங்கியின் ஆன்லைன் சரிபார்ப்பில் ‘கண்ணைச் சிமிட்டுங்கள்’ என்பார்கள். ஆசிட் வீச்சில் முகமும் கண்ணும் சிதைந்தவர்களும் பார்வையற்றவர்களும் எப்படிச் சிமிட்டுவது? அந்த வழக்குகளில் 2025 ஏப்ரல் 30 அன்று, நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு தீர்ப்பளித்தது. டிஜிட்டல் சேவைகளை அணுகுவதும் அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடக்கம் என்று சொல்லி, 20 உத்தரவுகளையும் போட்டது.

லாட்ஜில் தம்பி முதலில் யோசித்தது ஒலிப் புதிர். இரைச்சலுக்கு நடுவே யாரோ ஆங்கிலத்தில் முணுமுணுப்பது அக்காவுக்கே விளங்கவில்லை. காது கேளாதவருக்கு அதுவும் உதவாது. ‘மூன்றும் நான்கும் எத்தனை’ என்று கேட்கலாம். பாட்டுக்கு அது அல்வா சாப்பிடுகிற மாதிரி.

கடைசியில் வருபவரை எதுவுமே கேட்காத வழியைப் பிடித்தார். படிவத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டம் வைத்தார். மனிதர்கள் அதை நிரப்பமாட்டார்கள். கண்ட கட்டத்தையெல்லாம் நிரப்பும் பாட் அதில் மாட்டிக்கொள்ளும். ஆனால், திரையைப் படித்துச் சொல்லும் செயலிக்கும் அந்தக் கட்டம் தெரியக் கூடாது. இல்லாவிட்டால் பரமக்குடி ஐயாதான் மறுபடி மாட்டுவார். இதைப் பலர் கவனிப்பதில்லை. கூடவே, ஓரிரு நொடியில் நிரம்பி வரும் படிவங்களையும் பிரித்து வைக்கச் செய்தார்.

சந்தேகமானவற்றை உடனே தூக்கி எறிவதில்லை. தனிப் பட்டியலில் சேரும். காலையில் அக்கா போன் போட்டு விசாரிக்கிறார். நாலைந்து சூதாட்ட விளம்பரம் இப்போதும் தப்பி வருகிறது. கையிலிருக்கும் டீ ஆறுவதற்குள் அழித்துவிடுகிறார்.