நொய்யலின் உப்புக் கணக்கு

வெள்ளியங்கிரி மலை ஓடைகள் கூடுதுறையில் ஒன்றுசேர்ந்து நொய்யல் என்று பேர் எடுக்கின்றன. அங்கிருந்து கரூர் மாவட்டத்தில், தன் பேரையே கொண்ட ஊரில் காவிரியைச் சேரும்வரை சுமார் 170 கிலோமீட்டர். சித்திரைச்சாவடி அணைக்கட்டில் வாய்க்கால் பிரிகிறது. பேரூர் படித்துறையில் திதி கொடுக்கிறார்கள். கோயம்புத்தூரின் குளங்களுக்கெல்லாம் இதுதான் தாய். நகரத்தைத் தாண்டும்போது சாக்கடையும் கலந்துவிடுகிறது. சூலூரைக் கடந்து சாயப் பட்டறைகள் நிறைந்த திருப்பூருக்குள் நுழைகிறது ஆறு. கதையே இங்கேதான்.

ஒரு காலத்தில் அன்றைக்கு எந்தச் சாயம் ஓடியதோ அந்த நிறத்தில் ஆறு ஓடியது. படம் பிடிக்க வந்தவர்களுக்கு நிறம் கிடைத்தது. ஆனால் விவசாயியை வீழ்த்தியது நிறமல்ல, உப்பு. பருத்தித் துணியில் சாயம் ஏற வேண்டுமானால் சாயத் தொட்டியில் உப்பைக் கொட்ட வேண்டும். சாயத்தைத் துணியின் பக்கம் தள்ளிவிடுவதோடு அதன் வேலை முடிந்தது. துணியில் அது ஒட்டுவதில்லை, தண்ணீரோடு வெளியே வந்துவிடும். தொடக்ககாலச் சுத்திகரிப்பு நிலையங்கள் சுண்ணாம்பும் இரும்பு சல்பேட்டும் போட்டு நிறத்தை எடுத்தன. தண்ணீர் தெளிந்தது, உப்பு அப்படியே இருந்தது. அதைச் சுத்திகரிப்பு என்று சொல்வதற்குத் தைரியம் வேண்டும்.

கீழே, சென்னிமலைப் பக்கம் ஒரத்துப்பாளையம் அணை. பாசனத்துக்காகக் கட்டி 1992இல் முடித்தார்கள். சில ஆண்டுகளிலேயே அது சாயத்தண்ணீர்த் தேக்கமானது. சுற்றுவட்டாரக் கிணறுகள் உப்பேறின. அணையில் தண்ணீரைத் தேக்காதீர்கள் என்று பாசன விவசாயிகளே கேட்கும் நிலை எந்த ஊரிலாவது உண்டா? பக்கத்தில்தான் கொடுமணல், ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மணிக்கற்களைப் பட்டை தீட்டிய தொழிலூர். இந்தக் கரைக்குத் தொழில் புதிதல்ல.

ஆயக்கட்டு விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடக் கூடாது என்றது 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம். 2009இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அப்போதும் கழிவு நிற்கவில்லை. 2011 ஜனவரி 28 அன்று சாய, சலவைப் பட்டறைகள் அத்தனையையும் மூடச்சொன்னது உயர் நீதிமன்றம். எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. வேலையிழந்தவர்கள் ஊர் திரும்பினார்கள். சாயம் போடத் துணி வேறு ஊர்களுக்கு லாரி ஏறியது. அந்த ஊர்களின் தண்ணீரைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்?

அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. எதிர்ச் சவ்வூடு பரவல், எவாப்பரேட்டர் என்று பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் தேறின. அருள்புரம் பொது நிலையத்தில் தேறிய வழி எனக்கு முக்கியமாகப்படுகிறது: சாதா உப்புக்குப் பதில் சோடியம் சல்பேட், பிரிந்து வரும் உப்புக்கரைசலைத் திரும்பச் சாயத் தொட்டிக்கே அனுப்புவது. கழிவு என்று எறிந்தது சரக்காகிவிட்டது. தண்ணீரும் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கிறது. இதற்கு விலையும் உண்டு. தண்ணீரை ஆவியாக்கக் கொதிகலன் எரிய வேண்டும், அதற்கு விறகு வேண்டும். எல்லாம் முடிந்தபின் எதற்கும் உதவாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகக் கிடங்கில் தங்குகிறது.

ஒரத்துப்பாளையத்துக்குக் கீழே ஆறு அவ்வளவாகக் கண்டுகொள்ளப்படாமல் கரூர்ப் பக்கம் ஆத்துப்பாளையம் அணையைக் கடந்து காவிரியில் விழுகிறது. மேலே நடக்கும் எல்லாவற்றுக்கும் கடைசி ரசீது இங்கே வரும்.

திருப்பூர் மாறியது உண்மை. தானாக மாறவில்லை என்பதும் உண்மை. செலவு கடைமடைக்காரன் தலையில் விழுந்தவரை எந்தத் தொழில்நுட்பமும் கட்டுப்படியாகவில்லை. பட்டறைக்குப் பூட்டு விழுந்ததும் கட்டுப்படியானது. இன்றும் கழிவு திருட்டுத்தனமாக ஆற்றில் விடப்படுவதாகப் புகார்கள் வருகின்றன. அதைப் பிடிக்க இரவு ரோந்து மட்டும் போதாது. ஒவ்வொரு பட்டறையும் வாங்கிய உப்பு எவ்வளவு, மீட்டது எவ்வளவு, கிடங்கில் இருப்பது எவ்வளவு என்று மாதாமாதம் வாசலில் எழுதிப் போடவேண்டும். கணக்கில் இடிக்கும் உப்பு எங்கே போனதென்று கேட்க ஆயக்கட்டுக்காரருக்கு உரிமை உண்டு.