வெள்ளகெவிக்கு இறங்கும் வழி

ஞாயிறு, கொடைக்கானல்

மார்கழி விடுமுறைக் கூட்டம். ஏரியைச் சுற்றிவரும் ஐந்து கிலோமீட்டர் சாலை விடியற்காலையில் மட்டும்தான் நடப்பவர்களுக்கு. ஏழு மணிக்கு மேல் வாடகை சைக்கிள்கள், அப்புறம் சவாரிக் குதிரைகள், அப்புறம் மக்காச்சோளம் சுடும் புகை. இந்த ஏரி தானாக அமைந்தது என்றுதான் வருபவர்களில் பலர் நினைக்கிறார்கள். மதுரை கலெக்டராக இருந்த வேரே லெவிஞ்ச் 1863-இல் ஓடையை மறித்துக் கரை போட்டு உண்டாக்கியது.

நான் வந்தது ஏரிக்காக மட்டும் அல்ல. பஸ் ரோடு வருவதற்கு முன்னால் இந்த ஊருக்கு ஆட்கள் எந்த வழியாக ஏறி வந்தார்களோ, அந்த வழியில் இறங்கிப் பார்க்க வேண்டும். வட்டக்கானலில் தொடங்கி, வெள்ளகெவி வழியாகக் கும்பக்கரைக்குப் போகும் குதிரைப்பாதை. அதற்கு முன் கால்களைக் கொஞ்சம் பழக்க வேண்டும். நாளை கூக்கால்.

திங்கள், கூக்கால்

பஸ் பூம்பாறையில் பத்து நிமிடம் நின்றது. மலைச்சரிவு முழுக்கப் படிப்படியாகப் பாத்திகள். கேரட், உருளை, பூண்டு. டீக்கடை உள்ளறையில் எட்டிப் பார்த்தால், அடுப்புக்கு நேர் மேலே மூங்கில் கழியில் பூண்டுக் கட்டுகள் தொங்குகின்றன. தாளோடு சேர்த்துக் கட்டி, புகையில் கருத்துப்போனவை. விதைப் பூண்டாம். புகை பட்டால் பூச்சி அண்டாது, அடுத்த நடவு வரை கெடாது என்றார் கடைக்காரம்மா. பல் ஒன்றை உரித்துக் கொடுத்தார். காரம் மூக்கில் ஏறி கண்ணில் இறங்கியது. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது இந்தக் காரத்துக்காகத்தான் இருக்க வேண்டும்.

கூக்கால் ஏரியில் படகு இல்லை, கம்பிவேலி இல்லை. ஒரு கரையில் புல்வெளி, மாடுகள். மறு கரையில் சோலைக்காடு தண்ணீரைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. மாடுகள் போட்ட தடத்திலேயே ஏரியைச் சுற்றினேன். சோலைக்குள் நாலு அடி வைத்ததும் வெளிச்சமும் வெயிலும் குறைந்தன. மரங்கள் உயரம் இல்லை, குடை விரித்த மாதிரி தலைகள். கிளைகளில் பாசி. காலடியில் மக்கிய இலை அழுந்தி நீர் கசிகிறது. இந்தத் தரைதான் மழையைப் பிடித்து வைத்து, மழையே இல்லாத மாசி பங்குனியிலும் ஓடைகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கிறது. பழனி மலையின் வடக்குச் சரிவுத் தண்ணீர் அமராவதிக்கும் தெற்குச் சரிவுத் தண்ணீர் வைகைக்கும் போகிறது. தாராபுரத்து வயலுக்கும் மதுரைக் குழாய்க்கும் ஒரே மேட்டில் ஊற்று.

திரும்பும் வழியில் பைன் தோப்பு ஒன்றைக் கடந்தேன். சினிமாக்காரர்களுக்குப் பிடித்த இடம். தரையில் ஊசியிலை மெத்தை, அதற்குமேல் ஒரு செடி இல்லை. பைன், வாட்டில், தைலமரம் எல்லாம் வெளியிலிருந்து கொண்டுவந்து புல்வெளிகளில் நட்டவை. புல் இருந்த இடத்தில் மரம் வந்ததால் மலை பச்சையாகிவிட்டது என்று நாம் நினைக்கிறோம். புல்லும் சோலையும் கலந்து இருந்ததுதான் இந்த மலையின் பழைய முகம்.

செவ்வாய், கொடைக்கானல்

வனத்துறை அலுவலகத்தில் அனுமதிக்காகக் காத்திருந்தேன். 2013-இல் இந்த மலையில் 600 சதுர கிலோமீட்டருக்கு மேல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. நினைத்த இடத்தில் நுழைந்து நினைத்த இடத்தில் கூடாரம் போட முடியாது. எரிச்சல் வரும்போது குரங்கணியை நினைத்துக்கொள்ள வேண்டும். 2018 மார்ச் 11 அன்று போடிக்கு மேலே காய்ந்த புல்லில் பற்றிய தீ, கொழுக்குமலைப் பக்கமிருந்து இறங்கிக்கொண்டிருந்தவர்களைச் சூழ்ந்தது. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அந்த ஆண்டே மலையேற்றத்துக்கென்று அரசு விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்ற பெயரில் 40 பாதைகளை வனத்துறையே திறந்தது. இணையத்தில் பதிவு, கட்டணம், கூட வருவதற்குப் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆள்.

மாலையில் அறையில் பழைய சரித்திரம் புரட்டினேன். 1821-இல் நில அளவைக்காக வந்த லெப்டினன்ட் வார்டு முகாம் போட்டிருந்தது வெள்ளகெவியில். அங்கிருந்துதான் மேலே ஏறி இந்தக் கொடைக்கானல் மேட்டை அளந்தார். 1845-இல் அமெரிக்க மிஷனரிகள் மதுரை வெக்கைக்குப் பயந்து இங்கே முதல் பங்களாக்களைக் கட்டினார்கள். வத்தலகுண்டு வழியாக மோட்டார் ரோடு வர அதற்குப் பிறகு எழுபது ஆண்டு ஆனது. அதுவரை துரையும் துரைசாணியும் பெரியகுளத்துப் பக்கத்து அடிவாரத்தில் டோலியில் ஏறி உட்கார்ந்தார்கள். சுமந்தவர்களின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

புதன், வெள்ளகெவி

வழிகாட்டிக்கு ஐம்பது வயதிருக்கும். வெள்ளகெவிக்காரர். காலில் செருப்பு, கையில் ஒரு அரிவாள், வேறு மூட்டை இல்லை. என்னைப் பார்த்து, என் பையைப் பார்த்து, “இவ்வளவும் நீங்களே தூக்கிருவீங்களா சார்?” என்றார்.

டால்பின் மூக்குப் பாறை வரை கூட்டம். அதைத் தாண்டினால் யாரும் இல்லை. பாதை செங்குத்தாக இறங்குகிறது. மரவேர்களே படி. கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை அவர் நின்று, பாதைக்குக் குறுக்கே சாய்வாகப் பதித்திருந்த கற்களைக் குதிகாலால் தட்டிப் பார்த்தார். ஒன்று பெயர்ந்திருந்தது. குனிந்து அதைப் புரட்டி, மேல்பக்கத்தில் சேர்ந்திருந்த மண்ணையும் சருகையும் கையால் வழித்தெறிந்து, கல்லை முன்பிருந்த சாய்விலேயே அமுக்கினார். இரண்டு நிமிட வேலை.

“எதுக்குண்ணே?”

“தண்ணி குறுக்க விழுந்து பள்ளத்துக்குப் போயிரணும் சார். பாதையிலயே ஓடுச்சுன்னா ஒரே மழையில ஓடையாயிரும். அப்புறம் குதிரை ஏறாது.”

அதற்குப் பிறகு எனக்குப் பாதை வேறு மாதிரி தெரிந்தது. வளைவுகளில் அடுக்கிய கல், மண் சரியாமல் முட்டுக்கொடுத்த கட்டை, தோளுயரத்தில் வெட்டிய கிளை. எல்லாம் யாரோ போகிற போக்கில் செய்தது. எதிரே நான்கு மட்டக்குதிரைகள் வந்தன. முதுகில் காப்பி மூட்டையும் பட்டர் ஃப்ரூட் சாக்கும். நாங்கள் மலைப்பக்கம் ஒதுங்கினோம். பள்ளத்துப் பக்கம் ஒதுங்கினால் மூட்டை இடித்துத் தள்ளிவிடுமாம்.

ஊர் எல்லையில் வழிகாட்டி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். நானும் ஷூவைக் கழற்றினேன். வெள்ளகெவிக்குள் யாரும் காலணி போடுவதில்லை. வீடுகளுக்கு இடையில் கோயில்கள், கோயில்களுக்கு இடையில் வீடுகள். எங்கே சாமி இடம் முடிந்து எங்கே வாசல் தொடங்குகிறது என்று வெளியாளுக்குத் தெரியாது.

சாப்பாடு போட்ட அம்மாவிடம், ஊர் இப்படியே அமைதியாக இருந்தால் எவ்வளவு நல்லது என்றேன்.

“நீங்க சொல்லிட்டுப் போயிருவீக தம்பி. பிரசவ வலி வந்தா டோலி கட்டித்தான் தூக்கணும். மழை பெஞ்சு வழுக்குனா தூக்குறவுகளும் சேந்து விழணும். ரோடு வந்தா போதும்” என்றார். குரலில் கோபம் இல்லை. குழம்பு இன்னும் கொஞ்சம் ஊற்றினார்.

வியாழன், பெரியகுளம்

வெள்ளகெவிக்குக் கீழே மலை நிறம் மாறியது. காப்பித் தோட்டம் முடிந்து, வறண்ட காடு, மூங்கில், அப்புறம் இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்டு உண்ணிச்செடி. குதிரை அதிகம் போகாத இடங்களில் அது பாதையையே மூடிவிட்டது. வழிகாட்டி அரிவாளை எடுத்தது அங்கேதான். பாம்பாற்றின் சத்தம் கேட்டபோது கும்பக்கரை. மேலே காலையில் ஸ்வெட்டர் போட்டிருந்த ஆள், கீழே மாந்தோப்பில் சட்டை நனைய உட்கார்ந்திருந்தேன். 2,000 மீட்டருக்குப் பக்கத்திலிருந்து 400 மீட்டருக்கு இறங்கியதை முழங்கால் இன்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

மலையில் நடக்க வருபவர்களோடு பல நாள் பேசியிருக்கிறேன். ரோடு வந்தால் வெள்ளகெவி கெட்டுவிடும் என்பது எங்களில் பலர் கட்சி. அந்த அம்மாவின் சமையலறையில் அதைச் சொல்லிப் பார்க்கட்டும். வார்டு எங்கிருந்து ஏறி கொடைக்கானலை அளந்தாரோ அந்த ஊர், 200 ஆண்டுக்குப் பிறகும் ரோடு கேட்டு மனு எழுத வேண்டியிருந்தது. அளக்கப்பட்ட ஊரில் கார் நிறுத்த இடமில்லை. நாம் அனுபவிக்கும் அமைதிக்கு அவர்கள் விலை கொடுக்க வேண்டும் என்பது, டோலியில் உட்கார்ந்தவர்களின் நியாயம்தான்.

ஆனால் ரோடு வந்தால் பாதை போய்விடும் என்பதும் உண்மை. அழிக்க யாரும் வர வேண்டாம். மூட்டை ஜீப்பில் போகத் தொடங்கிய முதல் ஆண்டு, பெயர்ந்த கல்லைத் திருப்பி வைக்க யாருக்கும் வேலையிருக்காது. தண்ணீர் நீளவாக்கில் ஓடும், உண்ணிச்செடி மீதியைப் பார்த்துக்கொள்ளும். என்னைப் போல வந்துபோகிறவர்களின் கால் எந்தப் பாதையையும் காப்பாற்றாது.

அதனால் கேட்க வேண்டியது ரோடு வேண்டுமா வேண்டாமா என்பதல்ல. ரோடு போடட்டும். மலையேற வருபவர்களிடம் வாங்கும் கட்டணத்தில் வழிகாட்டிக்குக் கூலி இருப்பதுபோல, பாதையைப் பார்ப்பதற்கும் ஊர்க்காரர்களுக்கு மாதக் கூலி வைக்க வேண்டும். அரிவாளும் மண்வெட்டியும் எடுத்து மழைக்கு முன்னும் பின்னும் ஒரு சுற்று போய்வர ஆள் இருந்தால் போதும். இதுவரை அந்த வேலையைச் சம்பளம் இல்லாமல் செய்தவர்கள் அவர்கள்தான், செய்யத் தெரிந்தவர்களும் அவர்கள்தான்.