டீக்கடை பெஞ்சு

இந்த மாதம் சுவர் இதழுக்கு ஏதாவது எழுது என்று தமிழம்மா சொன்னார்கள். காலாண்டு லீவில் நாங்கள் நாலு பேர் சைக்கிளில் புதுக்கோட்டை போய் வந்ததை எழுதுகிறேன். "என் பேரைப் போட்டா உன்கிட்ட பேசவே மாட்டேன்டி" என்று ஒருத்தி சத்தியம் வாங்கிவிட்டாள். அதனால் யார் பேரும் இல்லை. யார் யார் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

எங்க ஊரிலிருந்து புதுக்கோட்டை 7 கிலோமீட்டர். திருக்கோகர்ணம் மியூசியம் பார்க்கப் போகிறோம் என்று வீட்டில் பர்மிஷன் வாங்கினோம். "டவுன் பஸ்ஸு இருக்கும்போது எதுக்கு சைக்கிளு?" என்று அம்மா கேட்டார்கள். பதில் சொல்லவில்லை. சைக்கிள் ஓட்டத்தான் போகிறோம் என்று சொன்னால் யார் விடுவார்கள்?

ஆனால் ஒரு சைக்கிள்கூட எங்களுடையது இல்லை. 11-ஆம் வகுப்பு போனால்தான் அரசாங்க சைக்கிள். மூணு பேர் அக்காமார்களின் சைக்கிளைக் கேட்டு வாங்கினார்கள். நான் எடுத்தது எங்க அப்பத்தாவோட பழைய சைக்கிள். பார் வைத்த ஆம்பளை சைக்கிள்!

அதற்கு ஒரு கதை இருக்கிறது. 1991-ல் நம்ம மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வந்தபோது, எழுத்துச் சொல்லிக் கொடுத்ததோடு பொம்பளைகளுக்கு சைக்கிளும் கற்றுக் கொடுத்தார்கள். அப்போது கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். ஒரு லட்சம் பேருக்கு மேல் கற்றுக்கொண்டார்களாம். அத்தனை பேருக்கு லேடீஸ் சைக்கிளுக்கு எங்கே போவது? கிடைத்த ஆம்பளை சைக்கிளில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினார்கள். "பாரு இருந்தா நல்லதுத்தா, புள்ளைய முன்னாடி உக்கார வச்சுக்கலாம்" என்று அப்பத்தா சொல்லும். அந்தப் பாரில் உட்கார்ந்து போன பிள்ளை எங்க அப்பா.

காலை ஒன்பது மணிக்குக் கிளம்பினோம். டவுனுக்குள் நுழைகிற இடத்தில் ஒரு டீக்கடை. பஜ்ஜி வாசனை ஆளை இழுத்தது. சரி, டீ குடிக்கலாம் என்று இறங்கிவிட்டோம். இறங்கிய பிறகுதான் தெரிந்தது, பெஞ்சில் எல்லாரும் ஆம்பளைகள். பேப்பர் படித்தவர்கூட நிமிர்ந்து பார்த்தார். யாரும் ஒண்ணும் சொல்லவில்லை. ஆனாலும் நாங்கள் தண்ணி டிரம்முக்குப் பின்னாடி போய் நின்றுகொண்டோம். டீயைச் சூடாகவே மடக்கு மடக்கென்று குடித்து, நாக்கு வெந்து, காசைக் கொடுத்துவிட்டு ஓடியே போய்விட்டோம். நாங்கள் என்ன திருடினோமா? இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது.

பிறகு ராஜ வீதிகளில் சுற்றினோம். கீழராஜ வீதி, வடக்கு ராஜ வீதி என்று எல்லாம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேராக இருக்கும். திவான் சேஷையா சாஸ்திரி காலத்தில் திருத்திக் கட்டிய ஊர் இது. 2024-ல் மாநகராட்சி ஆகிவிட்டதால் இனிமேல் நாங்களும் சிட்டியில் சைக்கிள் ஓட்டியவர்கள் என்று சொல்லிக்கொள்ளலாம். பல்லவன் குளத்தில் கால் கழுவினோம். ஒருத்தி சைக்கிள் செயின் ரெண்டு தடவை கழன்றது. கை எல்லாம் கருப்பு.

மியூசியம் வாசலுக்குப் போய் டிக்கெட் எடுக்கப் பார்த்தால் காசு இல்லை! எங்க பொதுப்பணம் 240 ரூபாயை என் ஜாமெட்ரி பாக்ஸில் போட்டிருந்தோம். பாக்ஸைக் காணோம். பக்கத்தில்தானே அரைக்காசு அம்மன் இருக்கிறாள்! தொலைந்த பொருளுக்கு அவளிடம்தான் வேண்டிக்கொள்ள வேண்டும். ஒருத்தி கோயில் பக்கம் கும்பிட்டு வெல்லம் வைப்பதாக வேண்டினாள். இன்னொருத்தி அழுதே விட்டாள். எனக்கு அந்தத் தண்ணி டிரம் ஞாபகம் வந்தது.

வெயிலில் திரும்ப மிதித்தோம். யார் போய்க் கேட்பது என்று ரோட்டிலேயே சண்டை. மாஸ்டரே பார்த்துவிட்டார். "உங்க பொட்டி உள்ள இருக்குத்தா, வாங்க" என்றார். சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். "எண்ணிப் பாத்துக்குங்க" என்றார். எண்ண வேண்டும் என்றால் உட்கார வேண்டும். பெஞ்சில் உட்கார்ந்துவிட்டோம். ஒரு தாத்தா நகர்ந்து இடம் விட்டார். சரியாக இருந்தது. இன்னொரு டீ சொன்னோம். அப்போதுதான் அந்த டீயில் இஞ்சி போட்டிருப்பதே தெரிந்தது. ஆளுக்கு ரெண்டு பஜ்ஜி. அரை மணி நேரம் எழுந்திருக்கவே இல்லை.

மணி ரெண்டாகிவிட்டதால் மியூசியம் பார்க்கவில்லை. (வரலாறு சார் மன்னிக்கவும். 1910-ல் ஆரம்பித்த மியூசியம், எங்கேயும் ஓடிப்போகாது.) புதுக்குளம் கரையில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, நன்னாரி சர்பத் குடித்துவிட்டு ஊர் திரும்பினோம்.

வீட்டுக்கு நான் வருவதற்கு முன்னாடியே செய்தி வந்துவிட்டது. எங்க ஊர் மாமா ஒருத்தர் பஸ்ஸிலிருந்து பார்த்திருக்கிறார். அப்பா திண்ணையில் இருந்தார். "டீக்கடை பெஞ்சுல உக்காந்தியா?" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டே "ஆமாப்பா" என்றேன். பணம் தொலைந்ததைச் சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் பணத்துக்காக மட்டுமா உட்கார்ந்தோம்? அதனால் சொல்லவில்லை.

"நாலு பேரு பாக்குற எடத்துல பொம்பளப் புள்ளைங்க..." என்று அப்பா ஆரம்பித்தார். உள்ளேயிருந்து அப்பத்தா, "ஏன்டா, இதே சைக்கிள் பாருல உக்காந்துகிட்டு பன்னு வேணும் பன்னு வேணும்னு கத்துவியே, எந்தக் கடையிலடா ஒனக்கு வாங்கித் தந்தேன்? நாலு பேரு பாக்கத்தான் வாங்கித் தந்தேன்" என்றது.

அப்பா ஒண்ணும் பேசவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விட்டார். ரெண்டு நாள் என்னிடம் சரியாகப் பேசவில்லை.

அரையாண்டு லீவில் சித்தன்னவாசல் போகலாம் என்று எங்களுக்குள் ஒரு பேச்சு இருக்கிறது. அப்பாவிடம் இன்னும் கேட்கவில்லை. அப்பத்தா மட்டும் செயினுக்கு எண்ணெய் விட்டு வைத்திருக்கிறது.

— 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி