முந்திரிகைக் கொடி கற்பித்த பாடம்

நம் கல்லூரியன்னையின் விழா மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமென மலராசிரியர் பணித்தபோது, என் நினைவு பழைய தாவரவியல் ஆய்வுகூடத்துக்கே சென்றது. விரியாத மலரின் மகரந்தப் பைகளைச் சிறு சாமணத்தால் அகற்றி, வேறொரு மலரின் மகரந்தத்தைத் தூவிக் கலப்பினம் ஆக்கும் முறையை ஆங்கு எம் ஆசிரியர் காட்டினார். "கை பழகிவிடும், பொறுமைதான் எளிதிற் பழகாது" என்றார். யாம் நகைத்தோம்.

பின்னர் விவசாயப் பணியில் அமர்ந்த யான், எம் வீட்டுக் கிணற்றடியில் முந்திரிகை விதைகளை இட்டு நாற்பது கன்றுகளை வளர்த்தேன். விதைக்கன்று காய்க்க மூன்றாண்டுகளேனும் செல்லும் என்பதை அறிந்திருந்தும், ஈராண்டிற் சலிப்புற்று அனைத்தையும் பிடுங்கி எறிந்தேன். ஒரே கனியின் இரு விதைகள்கூட ஒத்த கொடிகளைத் தருவதில்லை. எறிந்தவற்றுள் எத்தகைய கொடி இருந்ததோ, இனி எவரும் அறியார்.

இக்குற்றவுணர்வுடன் இருந்த காலத்திலேதான் ஹேர்மன் முல்லர் என்பாரின் வரலாற்றைப் படித்தேன். சுவிற்சலாந்தின் துர்காவ் மாகாணத்தில் 1850இற் பிறந்த அவர், ஜேர்மனியின் கைசன்கைம் நகரிற் பணியாற்றுகையில், 1882இல் ஒரு கலப்பினத்தை உருவாக்கினார். றீஸ்லிங்கின் சுவையும் சில்வானரின் விரைந்து முதிரும் இயல்பும் ஒரே கொடியில் அமைதல் வேண்டும் என்பதே அவர் நோக்கம். 1891இல் தாயகம் மீண்டு வேடன்ஸ்வில் ஆராய்ச்சி நிலையத்துக்குத் தலைவரானபோது, அக்கன்றுகளும் ஆங்கு வந்தன. 1927இல் அவர் மறைந்தார். அவர் பெயரைப் பிறர் சூட்ட, முல்லர்-துர்காவ் என வழங்கிய அவ்வினம், 1970களில் ஜேர்மனியிலேயே மிகுதியாகப் பயிரிடப்பட்டது. அதனைக் காண அவர் இருந்திலர்.

இன்னுமொரு வியப்பு: அக்கொடியின் தந்தை சில்வானர் அன்று, மடலீன் றோயல் என்னும் வேறோர் இனமே என்பதை 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் மரபணுச் சோதனை காட்டியது. குறிப்பேட்டிற் பிழை நேர்ந்திருக்கலாம், கொடியிற் பிழையில்லை. பெற்றோர் யாரெனத் தவறாக எண்ணியவரும், கன்றைக் காத்திருந்து வளர்த்தமையாற் பயன் விளைத்தார். பெற்றோரைச் செவ்வனே அறிந்திருந்தும் காத்திராத என் கையில் யாதும் எஞ்சவில்லை.

பனை நடுபவன் தான் உண்பதற்காக நடுவதில்லை என்பர் நம்மூர் முதியோர். எம் ஆசிரியரும் எம்மை அவ்வாறே வளர்த்தார் என்பதை எழுபதைக் கடந்த பின்னரே உணர்கின்றேன். சென்ற மாரிக்குப் பின் கிணற்றடியில் மீண்டும் சில விதைகளை இட்டுள்ளேன். என் பேரன் நாடோறும் நீர் வார்க்கின்றான், "எப்பொழுது காய்க்கும், அப்பு?" என வினவுகின்றான். இம்முறை பிடுங்கமாட்டேன்.

கல்லூரியன்னை நீடு வாழ்க!