வளவில் ஒரு வெட்சி

பூமரம் நடுவோர் பலர். மண்ணின் குணமறிந்து நடுவோர் சிலர். இவ்வுண்மையை நாம் ஒரு வெட்சிச் செடியிடமிருந்து, சற்றுக் காலந்தாழ்த்தியே கற்றுக்கொண்டோம்.

வெட்சி எமக்கு அந்நியமான செடியன்று. இலங்கையும் தென்னிந்தியாவுமே அதன் தாயகம். குறிஞ்சிப்பாட்டிற் கபிலர் அடுக்கிச் சொன்ன மலர்களுள் அதுவும் ஒன்று. ஆநிரை கவரும் புறத்திணைக்கு வெட்சி என்றே பெயர். 1753 இல் லின்னேயசு என்னும் சுவீடன் தேசத்து அறிஞர் தமது நூலில் அதனை இக்சோரா இனத்திற் சேர்த்தார். அப்பெயரே எம்மவர் வாயில் 'எக்சோரா' என வழங்குகிறது.

எமது வளவில் நின்ற வெட்சி அன்னையார் நட்டது. விடியற்காலையில் அதிற் பூக்கொய்து முருகன் படத்துக்குச் சாத்திய பின்னரே அவர் தேநீர் அருந்துவார். கண்பார்வை மங்கிய பின்னர் பூக்கொய்யும் பணி எம்மைச் சேர்ந்தது.

கிணற்றடியைப் புதுப்பித்தபோது, எஞ்சிய சீமெந்தையும் சுண்ணாம்புக் கற்களையும் அச்செடியின் அடியிற் கொட்டினோம். சில மாதங்களில் அதன் தளிர்கள் மஞ்சளித்தன; நரம்புகள் மாத்திரம் பச்சையாய் நின்றன. பசளை போதாதென எண்ணி அடுப்புச் சாம்பலை அள்ளி இட்டோம். கிணற்று நீரை இருவேளையும் வார்த்தோம். செடி மேலும் வாடியது, பூவும் நின்றது. அன்னையாரிடம் அதைச் சொல்ல மனம் வரவில்லை. அயல்வீட்டு எக்சோராவிற் கொய்து வந்து அவர் கையிற் கொடுத்தோம்.

அவர் ஓர் இதழை விரலால் வருடிப் பார்த்தார். "இது எங்கட மரத்துப் பூ இல்லைப் பிள்ளை. எங்கட பூவின்ரை இதழ் கூராய் இருக்கும், இது மொட்டையாய்க் கிடக்குது," என்றார். கோபம் சிறிதுமில்லை. அதுவே எம்மைச் சுட்டது.

மறுநாள் ஒரு வாடிய கிளையை விவசாயப் போதனாசிரியர் ஒருவரிடம் காட்டினோம். முதிர்ந்த இலை பச்சையாயிருக்கத் தளிர் மஞ்சளித்தால் அது இரும்புச்சத்துக் குறைவின் அடையாளம் என்றார் அவர். மண்ணில் இரும்பு இருந்தாலும், சுண்ணாம்பு மிகுந்தவிடத்து அது கரையாது. வேரால் உறிஞ்சவும் இயலாது. வெட்சியோ சற்றுப் புளிப்பான மண்ணை விரும்புவது. யாழ்ப்பாணத்தின் அடிநிலமோ சுண்ணக்கல். எமது கேத்திலின் அடியிற் படியும் வெண்படலமே கிணற்றுநீரின் குணத்துக்குச் சாட்சி. சீமெந்தும் சாம்பலும் அக்குணத்தையே மிகுவித்தன. ஆக, நாம் மருந்தென்று இட்டதே நஞ்சாயிற்று.

பழஞ்செடியைக் காப்பது அரிதெனக் கண்டு, ஐப்பசி மழையோடு அதன் பாதி முதிர்ந்த கிளைகளில் ஒரு சாண் நீளத் துண்டுகள் ஆறு வெட்டினோம். நுனியில் இரண்டு இலைகளை விட்டு, மணலும் இலைமக்கும் கலந்த சட்டியில் ஊன்றி நிழலில் வைத்தோம். இரண்டு மாதங்களில் இரண்டு துண்டுகள் வேர்விட்டன. மாமரச் சோலையின் ஓரத்தில், காலை வெயில் படுமிடத்தில் ஆழக் குழி தோண்டி, குழை தாழ்த்தி, மக்கிய மாவிலைகளை நிரப்பி நட்டோம். அடர்நிழலில் வெட்சி உயிர்வாழும். ஆனால் நன்கு பூவாது. கூரைநீரைப் பீப்பாவிற் சேர்த்து மாரி கழிந்த பின்னரும் அதையே வார்த்தோம். பூங்கொத்து கிளை நுனியில் தோன்றுவதால், கத்தரிப்பதைப் பூத்து ஓய்ந்த பின்னரே செய்தல் வேண்டும் என்பதையும் அறிந்தோம்.

மறு ஆண்டு ஒரு செடி பூத்தது. நாலிதழ்ச் செம்பூக்கள் கொண்ட அக்கொத்தை அன்னையாரிடம் கொடுத்தோம். அவர் இதழ் நுனியைத் தடவினார், ஒன்றும் கூறவில்லை. சுவரைப் பிடித்தவாறே நடந்து சென்று முருகன் படத்துக்குத் தாமே சாத்தினார்.

அன்பினாற் செய்வதெல்லாம் நன்மையாய் முடியும் என்று அதுவரை நாம் எண்ணியிருந்தோம். எதற்கு எது வேண்டும் என்று கேட்டறியாத அன்பு, செடியையும் வாட்டும், மனிதரையும் வாட்டும்.