இரண்டு நிமிடம்

திருப்பூர். ஒரு பனியன் கம்பெனியின் மூன்றாம் மாடி. துணிப் பண்டல்கள் சுவரோரம் ஒதுங்கியிருக்கின்றன. நடுவில் பிளாஸ்டிக் நாற்காலிகள். சூப்பர்வைசர்கள், லைன் இன்சார்ஜ்கள். முன்வரிசையில் புரொடக்‌ஷன் மேனேஜர், சட்டைப்பையில் மூன்று பேனாவுடன். எல்லாருடைய போனும் ஒரு கூடையில் கிடக்கிறது. கூடை அடிக்கடி அதிர்கிறது. அதிரும்போதெல்லாம் தலைகள் திரும்புகின்றன.

பயிற்சி தருகிற அம்மா பலகையில் எழுதுகிறார்: ஹாதார்ன், 1928.

சிகாகோ பக்கத்தில் டெலிபோன் சாமான் செய்த தொழிற்சாலை. தொழிலாளர்களிடம் பேச, சூப்பர்வைசர்களிலிருந்தே சிலரை எடுத்து அனுப்புகிறார்கள். கையில் கேள்விப் பட்டியல். ஜனங்களோ கேட்டதை விட்டுவிட்டு, மனசில் கிடப்பதைப் பேசுகிறார்கள். 1929-இல் பட்டியலை எடுத்து வைத்துவிடுகிறார்கள். கேட்பது மட்டும்தான் வேலை. அரைமணியில் முடிந்த பேச்சு ஒரு மணியைத் தாண்டுகிறது. 1930 முடிவதற்குள் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் பேசி முடித்திருக்கிறார்கள்.

பின்வரிசையில் ஒருவர் இருபதாயிரத்தை நோட்டில் எழுதி, கீழே கோடு போடுகிறார்.

அடுத்தது பயிற்சி. இருவர் இருவராக. ஒருவர் பேச வேண்டும். மற்றவர் இரண்டு நிமிடம் வாய் திறக்கக் கூடாது.

மேனேஜருக்கு எதிரே செக்கிங் சூப்பர்வைசர். முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்கிறார்.

"போன வாரம் பையனுக்குக் காய்ச்சலுங்க சார்..."

"டாக்டர்கிட்டக் காட்டினீங்களா?"

பயிற்சி அம்மாவின் விரல் உயர்கிறது. முதலிலிருந்து.

"போன வாரம் பையனுக்குக் காய்ச்சலுங்க சார். ராத்திரி பூரா தூங்கல..."

"ஒரு நாள் லீவு போட்டிருக்கலாமே."

விரல். முதலிலிருந்து.

மூன்றாம் தடவை மேனேஜர் இரண்டு கையாலும் நாற்காலி விளிம்பைப் பிடித்துக்கொள்கிறார். காய்ச்சல் வருகிறது. ராத்திரி வருகிறது. காலையில் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்தது வருகிறது. பிறகு ஒரு இடைவெளி. மேனேஜரின் உதடு பிரிகிறது, மூடிக்கொள்கிறது.

"லீவு கேக்கலீங்க சார். கேட்டா நீங்க என்ன சொல்வீங்கன்னு தெரியும்."

கூடை அதிர்கிறது. மேனேஜர் திரும்பவில்லை.

இரண்டு நிமிடம் முடிந்துவிட்டது. யாரும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை. இரண்டாவது லைன். போர்டில் பத்து மணிக் கட்டம்: டார்கெட் 60, ஆனது 41. பேட்லாக் மெஷின் முன்னால் பீஸ் குவிந்து கிடக்கிறது. மெஷினில் ஐம்பது வயது அம்மா. ஒரு தையல் போடுகிறார், நிறுத்துகிறார், கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்.

மேனேஜர் வேகமாக வருகிறார். லைனே குனிந்துகொள்கிறது.

"ஏம்மா..."

அதோடு நிற்கிறார். போர்டைப் பார்க்கிறார். அம்மாவைப் பார்க்கிறார். பக்கத்தில் காலியாக இருக்கிற ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்கிறார்.

"என்னாச்சுங்கக்கா? சொல்லுங்க."

அம்மா தனக்குப் பின்னால் திரும்பிப் பார்க்கிறார். அங்கே யாருமில்லை. பெடலிலிருந்து காலை மெதுவாக எடுக்கிறார். மெஷின் ஓய்கிறது.

மேனேஜரின் இரண்டு கையும் ஸ்டூல் விளிம்பைப் பிடித்திருக்கின்றன.